முள்ளில்லாத வெள்ளை மீன்: விரட்ட வேண்டிய ஈரமும் காக்க வேண்டிய ஈரமும்

வஞ்சிரத்தை வட்டத் துண்டுகளாக நறுக்கி, மசாலா தடவி, மொறுமொறுவென்று பொரித்தெடுக்கத் தெரிந்தவர்கள்கூடப் பாசா ஃபில்லெட்டிடம், அதாவது முள் நீக்கிய பாசா மீன் சதையிடம், தோற்றுப்போகிறார்கள். மீன் கல்லில் ஒட்டுகிறது. திருப்பும்போது உடைகிறது. எண்ணெயில் பொரிவதற்குப் பதிலாகத் தன் நீரிலேயே கொதிக்கிறது. கடைசியில் தட்டுக்கு வருவது கருகிய மசாலாவும் அதற்குள் ஒரு பிடி சக்கையும்தான். பழி வழக்கமாக மீனின் மேல் விழும். 'பாசாவில் என்ன ருசி இருக்கிறது?' என்பார்கள். ருசி குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் சமையலைக் கெடுத்தது நீர். மேலே இருக்கும் நீரை நாம் விரட்டவில்லை, உள்ளே இருக்கும் நீரைக் காக்கவில்லை. இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால் பாசா மட்டுமல்ல, கொடுவா, களவா, விளமீன், லண்டனிலும் டொராண்டோவிலும் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் காட், ஹேடக் என எந்த வெள்ளை மீனும் கைவசமாகும்.

நாம் பழகிய துண்டு மீனுக்கு நடுவில் முள் உண்டு, சுற்றிலும் தோல் உண்டு. சதையை இந்த இரண்டும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஃபில்லெட் என்பது நடுமுள்ளின் இருபுறமும் நீளவாக்கில் கத்தியை ஓட்டி எடுத்த சதை. பெரிய கடைகளில் உறைந்த நிலையில் விற்கும் பாசாவுக்குத் தோலும் இருக்காது. பிடிமானம் எதுவும் இல்லாத வெறும் சதையை நேரே நெருப்பிடம் ஒப்படைக்கிறோம். போதாததற்குக் கொழுப்பும் குறைவு. கொழுப்பில்லாத வெள்ளை மீன்களின் சதையில் ஏறத்தாழ 80 சதவீதம் நீர். கொழுப்பு பெரும்பாலும் ஓரிரு சதவீதத்தைத் தாண்டாது. மத்தியோ அயிலையோ இரண்டு நிமிடம் கூடுதலாக வெந்துவிட்டால் அதன் எண்ணெய் அதைக் காப்பாற்றிவிடும். வெள்ளை மீனுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. நீர் போனால் எல்லாம் போயிற்று.

சதை ஏன் வெள்ளையாக இருக்கிறது என்பதிலேயே பாதி விளக்கம் இருக்கிறது. சூரை ஓயாமல் நீந்தும் மீன். நெடுந்தூரம் உழைக்கும் தசைக்கு ஆக்சிஜன் இடைவிடாமல் வேண்டும். அதைச் சேமித்துவைக்கும் மையோகுளோபின் என்ற நிறமிதான் அந்தச் சதையைச் சிவக்க வைக்கிறது. கொடுவாவும் களவாவும் பதுங்கியிருந்து, இரை வந்ததும் ஒரே பாய்ச்சலாகப் பாய்பவை. நொடிப்பொழுது வேகத்துக்கான தசைக்கு அந்த நிறமி அதிகம் தேவையில்லை. ஆகவே சதை வெளுப்பாகவும் மணம் மென்மையாகவும் இருக்கிறது. ஃபில்லெட்டின் தோலிருந்த பக்கத்தில், நடுவில் நீளமாக ஒரு செம்பழுப்புக் கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது நிதானமான நீச்சலுக்குப் பயன்படும் சிவப்புத் தசை. கவிச்சி அங்கேதான் முதலில் குடியேறும். வீட்டில் மீன் வாடைக்கு முகம் சுளிப்பவர்கள் இருந்தால் அந்தக் கோட்டைக் கத்தியால் சீவி எடுத்துவிடுங்கள்.

ஆட்டுக்கறியின் நார்கள் நீளமானவை. அவற்றைக் கட்டிவைத்திருக்கும் சவ்வும் தடித்தது. அது இளகுவதற்காகத்தான் குக்கரில் அத்தனை விசில் விடுகிறோம். நீரில் மிதக்கும் மீனுக்கு உடலைத் தாங்கும் வேலை இல்லை. அதன் தசை நார்கள் குட்டையானவை, ஏடு ஏடாக அடுக்கப்பட்டவை. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே புரதம் இறுகத் தொடங்கி, கண்ணாடிபோல் இருந்த சதை பால்வெள்ளையாக மாறும். 50-ஐத் தாண்டியதும் இடைச்சவ்வு இளகி ஏடுகள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவும். 55-லிருந்து 60 வரை இருக்கும் அந்தச் சிறிய இடைவெளியில்தான் மீன் சாறோடு இருக்கும். அதற்கு மேல் போகப்போக நார்கள் சுருங்கித் தமக்குள் இருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். 70-ஐ எட்டியபின் மிஞ்சுவது சக்கைதான். அமெரிக்க அரசின் உணவுப் பாதுகாப்பு அறிவுரை மீனின் நடுப்பகுதி 63 டிகிரியை எட்ட வேண்டும் என்கிறது. வீட்டில் கர்ப்பிணிகளோ முதியவர்களோ நோயிலிருந்து தேறுபவர்களோ இருந்தால் அந்த அளவைக் குறைக்காதீர்கள். 63-க்கும் சக்கைக்கும் நடுவே அதிக நேரம் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு ஃபில்லெட்டுக்கு அது ஒன்றரை நிமிடம்கூட இருக்காது.

வாங்கும்போது

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. கொடுவாவையோ விளமீனையோ முழுதாகப் பார்த்து, செவுளைத் தூக்கிச் சிவப்பைச் சோதித்து, முள்ளை நீக்கித் தரும்படி கேட்டு வாங்கிவிடுவார்கள். முள் நீக்குவதற்குக் கொடுவா மிக ஏற்ற மீன். ஆஸ்திரேலியாவில் பேரமுண்டி என்றும் கொல்கத்தாவில் பெட்கி என்றும் கொண்டாடப்படுவது இதே மீன்தான். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் இதைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை வகுத்தது. இன்று கடலில் பிடித்த கொடுவாவோடு வளர்ப்புக் கொடுவாவும் சந்தைக்கு வருகிறது.

பாசா மெகாங் ஆற்றைச் சேர்ந்த நன்னீர் மீன். வியட்நாமில் பெருமளவில் வளர்க்கிறார்கள். ஆந்திரத்திலும் வளர்ப்பு உண்டு. விலை மலிவு, முள் இல்லை, வாடை இல்லை. குழந்தைக்கு முதன்முதலாக மீன் பழக்குபவர்கள் இதை நாடுவதில் நியாயம் இருக்கிறது. உறையைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். உறைந்த மீன் உலர்ந்துபோகாமல் இருக்க அதன்மேல் பனிப்படலம் பூசுவார்கள். அச்சிட்டிருக்கும் எடை அந்தப் படலம் நீங்கிய எடைதானா என்று கவனிக்க வேண்டும். சேர்மானப் பட்டியலில் 450, 451, 452 ஆகிய எண்களில் ஏதாவது இருந்தால் அது பாஸ்பேட் உப்பு. சதையில் நீரைத் தேக்கிவைக்கும் பொருள். அனுமதிக்கப்பட்ட அளவில் அதனால் தீங்கு இல்லை. ஆனால் அப்படித் தேங்கிய நீரில் ஒரு பங்கு உங்கள் கல்லில்தான் வந்து இறங்கும். மீன் விலைக்குத் தண்ணீர் வாங்கும் கணக்கு அது.

முள் நீக்கியது என்று எழுதியிருந்தாலும் தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கமாக ஒருமுறை விரலை ஓட்டிப் பாருங்கள். சதைக்குள் சாய்ந்து நிற்கும் ஊசிமுள் விரல் நுனியில் நெருடும். புருவம் திருத்தும் இடுக்கியால் முனையைப் பிடித்து, முள் சாய்ந்திருக்கும் திசையிலேயே, அதாவது தலைப்பக்கமாக இழுத்தால் சதை கிழியாமல் வந்துவிடும்.

மேல் ஈரம்

உறைந்த மீனை முந்தின இரவே ஒரு தட்டில் வைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவது நல்லது. காற்று நீக்கிய உறையில் வந்த மீனாக இருந்தால் உறையைத் திறந்த பிறகே இளகவிடுங்கள். காற்றில்லாத இடத்தில் நச்சைச் சுரக்கும் பாக்டீரியா ஒன்று இருக்கிறது; குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் அதனால் வளர முடியும். நேரம் இல்லையென்றால் மீனைப் பிளாஸ்டிக் பையில் இறுக மூடிப் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்க வைத்து, இளகியதும் சமைத்துவிடலாம். வெந்நீர் வேண்டாம். வெளிப்புறம் வேகத் தொடங்கிவிடும், நடுவில் கல்லாகவே இருக்கும். சமையல் மேடையில் மணிக்கணக்காகக் கிடத்துவதும் வேண்டாம்; நம் ஊர் வெயிலில் அது வம்பு.

பிறகு கழுவுவது. மீனை மஞ்சளும் கல்லுப்பும் போட்டு நான்கு தண்ணீரில் அலசாவிட்டால் நமக்கு மனம் ஆறாது. முழு மீனுக்கு அது சரி. இரத்தமும் செதிலும் போக வேண்டும். சுத்தம் செய்து வந்த ஃபில்லெட்டுக்கு ஒருமுறை அலசினாலே அதிகம். அப்படி அலசினாலும் அதற்குப் பின் செய்வதுதான் முக்கியம்: பருத்தித் துணியிலோ சமையலறைக் காகிதத்திலோ மீனைப் பரப்பி, மேலேயும் ஒரு துணியைப் போட்டு உள்ளங்கையால் மெல்ல அழுத்தி ஒற்றுங்கள். துணி நனைந்தால் வேறு துணி. தொட்டால் விரலில் ஈரம் ஒட்டாமல், சற்றே பிசுபிசுப்பாக இருக்க வேண்டும்.

தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. மீன் பொன்னிறமாவதற்கோ அதைவிட அதிகமான சூடு தேவை. மேலே நீர் இருக்கும் வரை அடுப்பின் சூடெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே செலவாகும். அந்த நேரத்துக்குள் உள்ளே வெந்து முடிந்து சக்கையாகிவிடும். நிறம் வரவில்லையே என்று இன்னும் கொஞ்ச நேரம் விடுவோம், கதை முடிந்தது.

இனி உப்பு. அரைக் கிலோ மீனுக்கு ஒரு தேக்கரண்டித் தூளுப்பை இருபுறமும் தூவிக் கால் மணி நேரம் வைத்தால் மேலே நீர் கசியும். அதை மறுபடி ஒற்றிவிடுங்கள். உப்பு கொஞ்சம் உள்ளே இறங்கிச் சதையை இறுக்கியிருக்கும்; திருப்பும்போது உடைவது குறையும். வேகும்போது ஃபில்லெட்டின் மேல் தயிர்த்திவலை போல வெள்ளையாகத் திரளுமே, நீரில் கரையும் அந்தப் புரதம் வெளியேறுவதும் குறையும். பாஸ்பேட் சேர்த்த மீனுக்குச் சேர்மானத்திலேயே உப்பு இருக்கலாம், பாதி போதும்.

எலுமிச்சைச் சாற்றில் ஒரு மணி நேரம் ஊறவைக்கச் சொல்லும் குறிப்புகளை நம்ப வேண்டாம். புளிப்பும் புரதத்தை இறுக்கும். பெரு நாட்டின் செவிச்சே, பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றிலேயே பதப்படுத்தி அடுப்பில்லாமல் செய்வது. அங்கே அது நோக்கம்; இங்கே அடுப்பில் ஏறுவதற்கு முன்பே பாதி இறுகிப்போன மீன்தான் கிடைக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கவிச்சியைப் போக்கத்தானே எலுமிச்சை என்றால், அதற்கு இறக்கும்போது பிழிவதே போதும். கடல் மீனின் வாடை பெரும்பாலும் டிரைமெத்திலமின் என்ற காரப் பொருளால் வருவது. புளிப்பு பட்டதும் அது உப்பாக மாறி மூக்குக்கு எட்டாமல் அடங்கிவிடும். குளத்து மீனின் சேற்று வாடை வேறு; நீர்ப்பாசிகளும் நுண்ணுயிரிகளும் உண்டாக்கும் ஜியோஸ்மின் அதற்குக் காரணம். ஜிலேபி மீனில் அந்த வாடை வந்தால் புளியோ தயிரோ சேரும் சமையலுக்கு அனுப்பிவிடுங்கள். நல்ல மீனுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வாடை பலமாக அடித்தால், மசாலாவை ஏற்றுவதை விட மீனைக் குப்பையில் போடுவது உத்தமம்.

கல்லின் மேல்

இரும்புத் தோசைக்கல் இதற்குப் போதும். கல் நன்றாகக் காய்ந்ததும் ஒன்றரை மேசைக்கரண்டிக் கடலை எண்ணெய் விட்டு, அது தண்ணீர் போல இளகி ஓடும் வரை காத்திருங்கள். மீனைக் கல்லில் வைக்கும் அந்தக் கணத்துக்குச் சற்று முன்பு அரிசி மாவை மெல்லத் தூவி, அதிகப்படியை உதறிவிடலாம். மிச்சமிருக்கும் ஈரத்தை மாவு உறிஞ்சிக்கொள்ளும். தூவிவிட்டு வைத்திருந்தால் மாவு கூழாகிவிடும், பயனில்லை. தோல் இருந்தால் தோல் பக்கம் கீழே. முதல் அரை நிமிடம் கரண்டியால் அழுத்திப் பிடித்தால் சுருண்டுகொள்ளாது. வால் பக்கம் மெலிந்திருந்தால் அதை அடியில் மடித்துவிடுங்கள். தடிமன் சமமானால் வேகும் நேரமும் சமமாகும்.

அதன்பின் கையைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் பாருங்கள். இதில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது. கல்லைத் தொடும் விளிம்பிலிருந்து வெள்ளை நிறம் மெல்ல மேலேறும். மேலே இன்னும் கண்ணாடிபோல, சற்று நீலம் பூத்தாற்போலச் சதை இருக்கும், கீழே பால்வெள்ளை. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெளிவாகத் தெரியும். அந்தக் கோடு முக்கால் உயரம் ஏறும் வரை மீனைத் தொடக் கூடாது. ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் கீழே இன்னும் பொருக்கு கட்டவில்லை என்று பொருள். முக்கால் நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் தானாக விட்டுக்கொடுக்கும். திருப்பியபின் வேலை அதிகமில்லை. இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள கொடுவாவுக்கு முதல் பக்கம் நான்கு நிமிடம், மறுபக்கம் ஒன்றரை முதல் இரண்டு. மெல்லிய பாசாவுக்கு மூன்றும் ஒன்றும். கடைசி அரை நிமிடத்தில் ஒரு கட்டி வெண்ணெய், இரண்டு பல் பூண்டு, கறிவேப்பிலை, நுணுக்கிய மிளகு. இந்த மீனுக்கு இதற்கு மேல் அலங்காரம் தேவை என்று நான் நினைக்கவில்லை.

வெந்ததா என்று அறிய ஒரு பல்குத்தும் குச்சி போதும். தடித்த இடத்தில் செங்குத்தாக இறக்குங்கள். வேகாத மீனில் குச்சி ஏடுகளின் இடைச்சவ்வில் இடறி, படிப்படியாக இறங்குவது போலத் தோன்றும். வெந்த மீனில் ஒரே சீராக இறங்கிவிடும். ஏடுகள் தாமாகவே பிரிந்து உதிர்கின்றன என்றால் தாமதமாகிவிட்டது. பிரிய மனமில்லாமல் நின்று, முள்கரண்டியால் அசைத்ததும் பிரிந்தால் அதுதான் பக்குவம். இறக்கியபின்னும் உள்சூட்டில் கொஞ்சம் வேகும் என்பதால் சற்று முன்னதாகவே எடுத்துவிட வேண்டும்.

நம் மீன் மசாலாவை இந்தச் சமையலில் எங்கே சேர்ப்பது? மிளகாய்த்தூள், மல்லித்தூள், இஞ்சி பூண்டு விழுது எல்லாம் சேர்ந்த கெட்டி மசாலாவுக்குப் பச்சை வாடை போக ஏழெட்டு நிமிடம் வேண்டும். முள்ளும் தோலும் உள்ள வஞ்சிரத் துண்டு அதுவரை தாக்குப்பிடிக்கும். ஃபில்லெட் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடுகிறது. ஆகவே மசாலாவை முதலில் தனியாக எண்ணெயில் வதக்கிப் பச்சை வாடை போக்கி, ஆறவைத்து, அதை மெல்லிய பூச்சாக மட்டும் தடவுங்கள். இல்லையென்றால் மீனை வெறுமனே உப்பு மஞ்சளோடு பொரித்துவிட்டு, வதக்கிய மசாலாவை மேலே பரப்பிப் பரிமாறுங்கள். இரண்டாவது வழியில் மொறுமொறுப்பும் கெடாது.

கல்லே வேண்டாம் என்பவர்களுக்கு

இட்லிப் பானையில் வேகவைப்பது வெள்ளை மீனுக்கு இன்னும் பாந்தமானது. வாழையிலையைத் தணலில் வாட்டி, தேங்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு சேர்த்து அரைத்த விழுதைப் பூசி, மடித்துக் கட்டி ஆவியில் வைத்தால் பத்து நிமிடத்தில் முடியும். பார்சிகளின் பத்ரானி மச்சி இதுதான். வாவல் அதற்குப் பெயர்போனது. வங்காளிகள் பெட்கித் துண்டில் கடுகு விழுதைப் பூசி, இலையில் மடித்துப் பாத்தூரி செய்கிறார்கள். இலைக்குள் சாறு சிறைப்பட்டிருப்பதால் ஒரு நிமிடம் கூடினாலும் மன்னிக்கும். தடிமன் ஓர் அங்குலமானால் பத்து நிமிடம் என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. அடுப்பிலும் ஓவனிலும் இதையே பின்பற்றலாம், ஆனால் எட்டாவது நிமிடத்திலேயே குச்சியைக் கையில் எடுத்துவிடுங்கள்.

சொதியில் போடுவதானால் வரிசையை மாற்றுங்கள். வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், இரண்டாம் தேங்காய்ப்பால் எல்லாம் வெந்து சுவை கூடியபின், முதற்பாலை ஊற்றித் தீயைக் குறைத்து, கடைசியாக மீன். நுரை கட்டும் அளவுக்குச் சூடு இருந்தால் போதும், தளதளவென்று கொதிக்கக் கூடாது. மூடி போட்டு நான்கைந்து நிமிடம், பிறகு குச்சியால் சோதித்து இறக்கவும். கரண்டியை உள்ளே விடாமல், சட்டியின் காதுகளைத் துணியால் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் கலந்துவிடும். புளிக்குழம்பில் கொடுவா நிற்கும். பாசா கரைந்து, மறுநாள் மீனைத் தேட வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் தொலைபேசி மணி அடித்து, மீன் மிஞ்சி வெந்துவிடுகிறதென்றால் அதைப் பொரித்த மீனாகப் பரிமாறி வீட்டாரின் பொறுமையைச் சோதிக்க வேண்டாம். ஆறியதும் உதிர்த்துவிடுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் தாராளமாக வதங்கியபின் உதிர்த்த மீனைப் போட்டு, ஒரு பிடி தேங்காய்த் துருவலோடு பிரட்டினால் மீன் புட்டு. சுறாப் புட்டின் ருசி இதற்கு வராது. ரசம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள, அந்த உலர்ந்த சதையே ஏற்றது.